டயரில் நான்கு எண்கள்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன், காபி குடித்தேன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினேன்.

போன மாதம் எதிர்வீட்டுக்கு வந்த சரவணனும் மமதாவும் ஒரு பழைய கேம்பர் வேனில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஊட்டிக்கு, தியோடர்! டயர் மாத்தலாம்னு பார்த்தேன். பட்டன் தேயாம முழுசா இருக்கு, விட்டுட்டேன்" என்று டயரைத் தட்டினான் சரவணன்.

குனிந்து டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். 2312. கதவில் தொங்கிய சாவியை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"மாத்திட்டுப் போங்க. கார் டயர் வேணாம். கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி வெயிட்டுக்கு வேன் டயர்தான் தாங்கும்."

"ஸ்கூட்டர்கூட ஓட்டாத ஆளு, டயர் பத்திச் சொல்றீங்களா? சாவியைக் குடுங்க சார்."

மமதா குனிந்தாள். "இருபத்துமூணு, பன்னண்டாம் மாசம். புதுசுதானே!"

"மாசம் இல்லைங்க. ரெண்டாயிரத்துப் பன்னண்டுல இருபத்துமூணாவது வாரம். பதிமூணு வருஷத்து ரப்பர்."

சரவணனின் சிரிப்பு நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

போலீஸ்காரர் சொல்லித்தான் தெரியும். போன வருடம் எங்கள் வேனின் டயரில் இருந்தது 2310. என் மனைவி ஜூலியாவும் இப்படித்தான் குனிந்து படித்தாள். பிறகு பின்னால் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். கிருஷ்ணகிரி தாண்டி அந்த டயர் வெடித்து வேன் கவிழ்ந்தது. அதன்பின் அவள் விழிக்கவே இல்லை.

தூங்கும்முன் சொன்னாள்: "இருபத்துமூணு, அக்டோபர். புது டயர்தான் தியோ, பயப்படாம ஓட்டு."