மாவுக்கட்டும் பதினோரு க்ளைமாக்ஸும்

"ஆரஞ்சை வெச்சுட்டு உட்காருங்க, ஹரிஷ். படம் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு சிஸ்டர்."

"அப்போ வாயைத் திறக்காம உட்காருங்க."

ஆஸ்டின் டவுன் மாடி வீட்டு வாசலில் சுனிதா இப்படித்தான் காவல் நின்றாள். உள்ளே கட்டிலில் அவள் கணவன் கிரண், இடது காலில் மாவுக்கட்டோடு. முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும்போது அடுகோடி சிக்னலில் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. கால் உடைந்ததற்கு அவன் அழவில்லை. டிக்கெட்டைப் பார்த்துத்தான் அழுதான்.

அந்த விண்வெளிப் படத்தின் முதல் பாகம் வந்து ஏழு வருஷம். நாலு லட்சம் கோடி மைலுக்கு மனுஷ வாடையே இல்லாத இடத்தில், ராக்கெட்டின் கதவை வெளியிலிருந்து யாரோ 'டொக் டொக்' என்று தட்டுவார்கள். அதோடு படம் முடிந்துவிடும். மிச்சக் கதை இப்போது வந்திருக்கும் இரண்டாம் பாகத்தில்.

தட்டியது யார்? ஏழு வருஷமாகக் கிரணுக்கு இதே யோசனை. கல்யாண ஃபோட்டோவில் பாதிக்குப் பாதி அவன் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அதனால்தான் என்பது சுனிதாவின் புகார்.

கட்டுப் பிரிக்க மூன்று வாரம். அதுவரை முடிவு காதில் விழக் கூடாது. டி.வி. பிளக் பிடுங்கப்பட்டது. எதிரே இன்டர்நெட் சென்டரில் பையன்கள் எந்நேரமும் சினிமா பேசுவதால் அந்தப் பக்கத்து ஜன்னலும் மூடப்பட்டது. பேப்பரில் சினிமாப் பக்கத்தைக் கத்தரித்துவிட்டுத்தான் சுனிதா கொடுப்பாள். பின்பக்கத்துக் கிரிக்கெட்டும் அதோடு போகும். போகட்டும் என்றான்.

ஆனால் கால் உடைந்தவனைப் பார்க்கக் கையில் பழத்தோடு வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்ப முடியுமா?

ஆபீஸ் நண்பன் ஹரிஷ்குமார் பத்து நிமிஷம் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காபி வந்தது. குடிக்க வாயைத் திறந்தான். அதுதான் தப்பு.

"மச்சி, தட்டுறது அந்தக் கேப்டனே தான்டா. கிழவனாகி வந்து தட்டுறான்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்தது. டம்ளரை வைத்துவிட்டு, ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு ஓடினான்.

கிரண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயந்தரம் இட்லிக் கடை பாஞ்சாலி வந்தாள், ரெண்டு ஆரஞ்சோடு.

"ஏன் கண்ணு, தட்டுறது கேப்டனோட மாமியாராமே?"

சுனிதா பல்லைக் கடித்தாள். "அக்கா, படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்ட வந்து இதையா சொல்வீங்க?"

"ஹௌதா? அப்படியா? சொல்லக் கூடாதா?"

கிரண் மெல்லத் திரும்பினான். "மாமியாரா? ஹரிஷ் கேப்டன்னு சொன்னானே."

"அந்தத் தம்பி இடைவேளைக்கு அப்புறம் தூங்கியிருக்கும்."

மறுநாள் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் வந்தார். "ரோபோ, தம்பி. பின்பக்கமா இறங்கிப் போய் முன்பக்கமா வந்து தட்டுது."

பேப்பர்காரர், "தொலைஞ்சுபோன தங்கச்சி சார்" என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், யாரும் கேட்காமலே, "வெளியே ஆளே இல்லை சார், கதவு தன்னைத் தானே தட்டிக்குது" என்று சொல்லிவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டுக் கோவிந்தன் ஏறி வந்தார். எழுபது வயசு. ஒக்கலிபுரம் பாலத்தடியில் மழைத் தண்ணீர் தேங்கியபோது முதலையோடு போட்டி போட்டு நீந்தி, அதை ஜெயிக்க விட்டவர். அவரே சொன்னது.

"பசுமாடுப்பா. வாலாலதான் தட்டுது. நான் முன் வரிசையில உட்கார்ந்து பார்த்தேன்."

"பெரியப்பா, கிளம்புங்க" என்றாள் சுனிதா. "வயசுல பெரியவர்னு பார்க்கிறேன். கால் உடைஞ்சவனை வெச்சு இந்தத் தெருவே விளையாடுது. கொஞ்சமாவது வெட்கம் வேணாம்?"

"சிந்தி மாடும்மா, நல்லா கறக்கும் போல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

மூன்று வாரத்தில் மொத்தம் பதினோரு முடிவு. கிரண் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தான். காலையில் ரோபோதான் என்று தோன்றும். மத்தியானம் தங்கச்சி. ஆழ்ந்து யோசித்தால் மாட்டையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை.

கட்டுப் பிரித்த அன்றே மேட்னி. கதவுக் காட்சி வந்தபோது கிரண் சுனிதாவின் கையை நசுக்கி எடுத்துவிட்டான். 'டொக் டொக்.' தாழ்ப்பாள் நகர்ந்தது.

கிழவனாகிப்போன கேப்டன்.

இப்போதுதான் சேர்ந்த கால் என்பதை மறந்து, கிரண் சீட் மேல் ஏறி நின்று விசில் அடித்தான்.

வெளியே வரும்போது சுனிதா கேட்டாள். "இதைத்தானே ஹரிஷ் முதல் நாளே சொன்னாரு?"

"சொன்னான். ஆனா கதவு திறக்கிற வரைக்கும், மாடா இருந்துடுமோன்னு எனக்கு உதறல்."

"அதுதாங்க எனக்குப் புரியலை. ஒரே படத்தைப் பார்த்துட்டு வந்து, மத்த பத்து பேரும் எப்படிங்க தப்பாச் சொல்வாங்க?"

ஆட்டோவை நேரே இட்லிக் கடைக்கு விடச் சொன்னார்கள்.

"அக்கா, நிஜமாச் சொல்லுங்க" என்றான் கிரண். "படத்தை நீங்க எந்தத் தியேட்டர்ல பார்த்தீங்க?"

பாஞ்சாலி இட்லித் தட்டை இறக்கி வைத்தாள்.

"நான் எங்க பார்த்தேன்? அன்னிக்கு உன் சிநேகிதன் ஒத்தைச் செருப்போட படிக்கட்டுல உட்கார்ந்து, ஏழு வருஷத்து ஆசையில மண்ணைப் போட்டுட்டேனேன்னு அழுதுட்டு இருந்தான். கோவிந்தன் பெரியவர்தான் எங்களையெல்லாம் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பொய்யும் ரெண்டு ஆரஞ்சும் குடுத்து அனுப்பினாரு. எனக்கு மாமியார் வந்துச்சு. சரியாச் சொன்னேனா கண்ணு?"