முதுகில் ஒட்டிய ஊர்ப்பெயர்

"இது எந்த ஊர்ப் பொருள்? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் லவ்ஜிபாய்.

குஜராத்தின் மோர்பியில் இருக்கும் தன் டைல்ஸ் ஆலைக் கூரைக்கு அவர் சோலார் பேனல் வாங்கவேண்டும். ஒரு வாரமாக மூக்குக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து படித்து, ஊரிலேயே தன்னைவிடப் பெரிய சோலார் நிபுணர் இல்லை என்ற முடிவுக்கு அவரே வந்திருந்தார். படித்தது என்னவோ நாலு விளம்பரத் தாள்தான்.

மாதிரி பேனலோடு எதிரே நின்ற கிருபாபென் விற்பனை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். இன்னும் ஓர் ஆர்டர்கூடக் கிடைக்கவில்லை. இதுவும் கைநழுவினால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேலாளர் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மேல இருக்கிற கண்ணாடி?"

"நம்ம குஜராத்துதான், சேட்."

"அலுமினியச் சட்டம்?"

"அதுவும் இங்கேதான்."

"உள்ளே கரண்ட் எடுக்கிற செல்?"

முன்னால் வந்துபோன வேறு கம்பெனி விற்பனையாளர்கள் நால்வரும் 'எல்லாமே சுதேசி' என்று வாய்கூசாமல் சொல்லிவிட்டுப் போனது அவளுக்குத் தெரியும்.

"சீனா" என்றாள். "அங்கேருந்து வரவழைச்சு, சூரத் பக்கம் வெச்சுச் சேர்க்கிறோம்."

லவ்ஜிபாய் பேனலைத் திருப்பினார். முதுகில் 'இந்தியத் தயாரிப்பு' என்று மூவர்ணத்தில் ஓர் ஒட்டுத்தாள். அதையே பிடித்துக்கொண்டார்.

சாசரில் ஊற்றிய தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை பேசினார். எங்கோ பிறந்த சரக்குக்கு இங்கே பெயர் சூட்டுவதா, வாங்குகிறவன் மேலே எழுதியிருப்பதை நம்பித்தானே காசு கொடுக்கிறான், அவன் கண்ணில் மண்ணைத் தூவுகிறவன் உருப்படுவானா என்று வெளுத்து வாங்கினார். தன் பேச்சு அவருக்கே அவ்வளவு பிடித்துப்போனது. யாராவது எழுதிவைத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"தாளை ஒட்டினது கம்பெனி, சேட். நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொல்லல."

"இந்த மாதிரி வியாபாரம் நம்ம வாசல்ல வேண்டாம். எடுத்துட்டுப் போங்க."

கிருபாபென் பேனலைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். அவசரத்தில் முடிச்சு விழ மறுத்தது.

அந்த நேரம் பார்த்துச் சரக்கு அனுப்பும் மன்சுக்பாய் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"லாரி வந்துடுச்சு, சேட். காலையில நம்ம சூளையிலேருந்து இறக்கின டைல்ஸை எந்தப் பெட்டியில போடட்டும்? 'இத்தாலி'ன்னு அச்சடிச்சதா, 'ஸ்பெயின்'னு அச்சடிச்சதா?"

லவ்ஜிபாய்க்குக் காதுமடல் சுட்டது. கிருபாபென் எதுவும் காதில் விழாதவள்போல், உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்து முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லாரி கொஞ்சம் நிக்கட்டும்" என்று மன்சுக்பாயிடம் சொல்லிவிட்டு, பேனாவைத் தேடி எடுத்தார்.

"சிரிச்சுடுங்க, கிருபாபென். நீங்க அடக்க அடக்க எனக்குத்தான் மானம் போகுது. சிரிச்சு முடிச்சிட்டு, நான் எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."