நிலா வரட்டும்

"நிலா வந்துடுத்தான்னு மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்கோளேன்," என்றாள் ராஜலக்ஷ்மி.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சீறினார் வேதாந்தம்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளாகக் குரலை உயர்த்தியே அறியாத மனுஷர் அவர்.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு மிஸஸ் குரானா, புருஷன் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம் கர்வா சௌத் விரதம் இருப்பாள். ராஜலக்ஷ்மி வேடிக்கை பார்ப்பதோடு சரி. இந்த வருஷம் வேதாந்தத்துக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கை நிறைய மெஹந்தி வைத்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் அவளும் விரதம். நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். விரதக்காரியை அடுப்படியில் நிறுத்தக் கூடாது, ஆபீஸ் கேன்டீனில் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரும் காலையில் கிளம்பிவிட்டார்.

இப்போது அந்த மனுஷருக்கு அக்டோபர் குளிரிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. சர்க்கரை இறங்கினாலும் ஆபத்து, வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும் என்று டாக்டர் எச்சரித்தது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அவர் முரண்டு பிடிக்கப் பிடிக்கக் குடிக்க வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. அவளுக்குத்தான் அழுகை அடங்கவில்லை. விரதத்தில் என்ன குறை வைத்தோமோ என்று மருகினாள். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, ஏதோ சாப்பிட்டேன் என்று மழுப்பினார். கேன்டீன்காரனை வாயார வைதாள்.

"சர்க்கரைத் தண்ணி ரொம்ப நேரம் தாங்காது. மறுபடி இறங்கறதுக்குள்ள சாதம் உள்ளே போகணும்," என்று அவசரமாகத் தயிர் சாதம் பிசைந்து நீட்டினாள்.

"நிலா வரட்டும்."

இன்னும் புத்தி தெளியவில்லையோ என்று பயந்துபோனாள்.

"நிலாவெல்லாம் எனக்குன்னா. உங்களுக்கில்லே."

வேதாந்தம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும்தான். கார்த்தாலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலே. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுல சேர்த்தியில்லையேன்னு அதை மட்டும் போட்டுண்டேன். எனக்காக நீ பட்டினி கிடக்கறே, உனக்காக யாரு கிடப்பா?"

நிலா இன்னும் வரவில்லை. ராஜலக்ஷ்மி முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இரண்டாவதை அவருக்கு ஊட்டினாள்.