பிடுங்கிய பொத்தான்கள்

மாலை வகுப்பின் எல்லா கீபோர்டுகளிலும் எஃப் ஒன் பொத்தானைச் சற்குணம் சார் பிடுங்கியிருந்தார். அதை அழுத்தினால்தான் டேட்டாபேஸ் மென்பொருளின் உதவிப் பக்கம் திறக்கும். பிடுங்கியவற்றைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் பற்களைப்போலக் குலுக்குவார். "சந்தேகம்னா என்னைக் கேளு, மெஷினைக் கேக்காத."

இன்று பக்கத்து இருக்கை ரெஜினா அவரிடம் கேட்டாள், இரண்டு அட்டவணைகளை எப்படி இணைப்பது என்று.

"இதுகூடத் தெரியலன்னா துணிக்கடையிலயே நின்னிருக்கலாமேம்மா!"

வகுப்பே சிரித்தது. ரெஜினா பையை எடுத்தாள். "நாளையிலேர்ந்து வரலக்கா."

எனக்கு வந்த கோபம் சரிதானா என்று யோசித்தேன். சரிதான். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, பொத்தான் இருந்த பள்ளத்தில் தெரிந்த ரப்பரைக் குத்தினேன்.

'இணையம் இல்லை' என்றது திரை.

தவறாகக் குத்திவிட்டேனோ? மறுபடி குத்தினேன். அதே பதில். அமைப்புகளைத் திறந்து வரிசையாகப் பார்த்தேன். உதவியை இணையத்தில் மட்டும் தேடும்படி மாற்றி வைத்திருந்தார், இணையமே இல்லாத இந்த வகுப்பில். 'இந்தக் கணினியில் தேடு' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஓங்கிக் குத்தினேன். உதவிப் பக்கம் திறந்தது. ரெஜினாவின் கேள்வி அதில் இருந்தது, பதிலோடு, படத்தோடு.

"அங்க என்னம்மா சத்தம்?"

பாக்கெட் குலுங்கும் ஒலி எங்களை நோக்கி வந்தது. ரெஜினா பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தலையில் கைவைத்து ஹேர்பின்னை உருவினாள். பின்வரிசையில் இன்னொரு கை கூந்தலுக்குப் போனது.