நாற்பத்திரண்டு பவுண்டு

“அது உனக்கு வேண்டாம் மார்லிஸ். இதை எடுத்துக்கோ.”

வில் கடைக்காரர் ஹார்லன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததைப் பார்த்ததும் மார்லிஸின் முகம் சுருங்கிவிட்டது. ரெண்டே ரெண்டு கத்தி அலகோடு ஒல்லியாக ஒரு அம்பு முனை. அவள் கேட்டது, மான்மேல் பட்டதும் குடை மாதிரி விரியும் முனையை. விஸ்கான்சினில் மான் வேட்டைக்கு வில் எடுக்கிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள்.

“டெல்மருக்கு விரியற முனை. எனக்கு மட்டும் இந்தக் காய்கறிக் கத்தியா?”

காபிக் கோப்பையோடு நின்றிருந்த டெல்மர் சிரித்தான். அவள் புருஷனின் அண்ணன்.

“உன் வில் நாணோட இழுப்புப் பலம் நாற்பத்திரண்டு பவுண்டு. என்னுது அறுபத்தெட்டு. ஹார்லனுது எழுபது. அதோ, சுவரைப் பார்த்துட்டுப் பேசு.”

சுவர் நிறைய மான் படங்கள். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் படம் மாட்டினாலும், தன் வில்லின் இழுப்பைக் கீழே தன் கையால் எழுதியாக வேண்டும். அறுபது, அறுபத்தைந்து, எழுபது. நடுவில் எட்டு வருஷமாகத் தொங்கும் ஹார்லனின் படத்தில், பன்னிரண்டு கிளைக் கொம்போடு ஒரு மான். அதன் கீழே மட்டும் எதுவும் எழுதியிருக்காது. எழுதவும் வேண்டுமா? எழுபது பவுண்டு இழுக்கிற ஹார்லனை ஊருக்கே தெரியும்.

“விரியற முனைக்கு, விரியறதுக்கே பாதி பலம் போயிடும்மா,” என்றார் ஹார்லன். “மிச்சம் விலா எலும்போட நின்னுடும். போன வருஷம் என்ன ஆச்சு?”

மார்லிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன வருஷம் அவள் அம்பு மான் உடம்பில் பாதிதான் இறங்கி நின்றுவிட்டது. ரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து ரெண்டு நாள் சதுப்பு நிலத்தில் அலைந்தார்கள். மான் கிடைக்கவே இல்லை.

“இந்த வருஷமும் காயத்தோட ஒண்ணை ஓட விட்டியோ, அப்புறம் உனக்குக் காட்டுல இடம் கிடையாது,” என்றான் டெல்மர். “கேபின்ல உக்காந்து எங்களுக்கு உருளைக்கிழங்கு உரி.”

“கனமான அம்பாப் பார்த்து எடு,” ஹார்லன் அவனைக் கண்டுகொள்ளாமல் சொன்னார். “மெதுவாத்தான் போகும். ஆனா நிக்காது. முனையை நீயேதான் சாணைக்கல்லுல தீட்டணும். கையில வெச்சு இழுத்தா முடி மழிஞ்சு விழற வரைக்கும் தீட்டு.”

சொல்லிக்கொண்டே தன் இடது முன்கையைத் தேய்த்துக்கொண்டார். அங்கே ஒரு காசு அளவுக்கு முடியே இல்லை.

பொம்பளைன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான் என்று மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கினாள். அந்த மான் இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தீட்டினாள். கையில் முடி மழிந்து விழுந்தது.

அக்டோபர் மாதம், ஓக் மரங்களுக்கு நடுவில், இருபது தப்படி தூரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. மூச்சைப் பிடித்து அம்பை விட்டாள். அம்பு இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் சேற்றில் போய்க் குத்தி நின்றது. மான் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்த்தது. அறுபது தப்படி நடந்தது. படுத்துவிட்டது. அவ்வளவுதான்.

டெல்மர் வந்து அம்பைப் பிடுங்கிப் பார்த்தான். நுனியிலிருந்து இறகு வரை சிவப்பு. தன் இடுப்புக் கத்தியை உருவித் துடைத்து, மானை அறுக்க அவளிடம் நீட்டினான்.

திங்கட்கிழமை மார்லிஸ் படத்தோடு கடைக்குள் நுழைந்தபோது நல்ல கூட்டம். யாரையும் கேட்கவில்லை. நேராகச் சுவருக்குப் போய், ஹார்லனின் படத்துக்குப் பக்கத்திலேயே ஊசியால் குத்தினாள். தடித்த பேனாவால் கீழே பெரிதாக எழுதினாள்: 42 பவுண்டு. ரெண்டு அலகு முனை.

“கொஞ்சம் சின்னதா எழுதக் கூடாதா?” டெல்மர் காதோரம் முணுமுணுத்தான். “எல்லாரும் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும்னுதான் எழுதினேன்.”

“போயும் போயும் ஹார்லன் பக்கத்துலயா நாற்பத்திரண்டு!” கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். “ஹார்லன், அதை எடுத்து வாசல் பக்கம் மாட்டுங்கப்பா!”

கடையே சிரித்தது. மார்லிஸ் நகரவில்லை. தலையும் குனியவில்லை.

ஹார்லன் மெதுவாக எழுந்து வந்தார். அவள் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி ஊசியைப் பிடுங்கினார்.

அவள் படத்திலிருந்து அல்ல. தன் படத்திலிருந்து.

அதைத் திருப்பி, பின்பக்கம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மறுபடி குத்திவிட்டு, கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது. எட்டு வருஷத்தில் மங்கிப்போன மையில், ஹார்லனின் கையெழுத்தில் இருந்தது:

‘தோள் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் மான். 42 பவுண்டு. ரெண்டு அலகு முனை.’