முதல் பழம்

"வாங்க நங்கை" என்றார் அங்கப்பன். 1992இல் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக வந்த சண்டைக்குப் பிறகு, அண்ணன் மனைவி வீராத்தாள் இந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை.

"தம்பி, நம்ம பொதுக்காட்டு வரப்புல பலாப்பழம் வச்சிருந்தீங்களே, உங்க அண்ணன் பார்த்துட்டாருங்க. வருசத்துல மொதப் பழம் பெரியவன் ஊட்டுக்குங்கற முறையை என்ற தம்பி மறக்கலேன்னு கண்ணு கலங்கிப்போட்டாரு."

அங்கப்பன் எழுந்தார். "பழம் இப்ப எங்கீங்க?"

"கரடி வந்து தின்னுபோடுமுன்னு ஊட்டுக்குத் தூக்கியாந்துட்டாருங்க. அரிய உக்காந்திருக்காரு. உங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாரு."

அங்கப்பன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"மெதுவாப் போங்க தம்பி, நீங்க வராம அவரு ஒரு சுளை திங்க மாட்டாரு" என்று சிரித்தாள் வீராத்தாள்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஊரே அதிரும்படி ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அங்கப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

வீராத்தாள் தடாகத்து மலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஆரோ கரடிக்குப் பழத்துல வெடி வச்சிருக்காங்களாட்ட இருக்குது."

"நாந்தானுங்க நங்கை" என்றார் அங்கப்பன்.