டெல்வின் சேர்த்த நான்கு வரிகள்

தக்கலைப் பக்கத்து அந்தப் பொறியியல் கல்லூரி முழுக்க விரிவுரையாளர் ஜின்சியின் பேச்சுதான். கல்லூரிப் பேருந்துகளுக்கு வழித்தடம் கண்டுபிடிக்க அவள் ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். அது நூறு வழித்தடங்களை உண்டாக்கி, நல்லதோடு நல்லதைக் கலந்து, பிறந்ததில் தேறியதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு விடும். அதன் எந்தப் பாகத்தையும் கழற்றி வேறு மாட்டலாம்.

பக்கத்து மேசை டெல்வினுக்கு வயிறு எரிந்தது. அவளைவிடப் பத்து வருடம் சீனியர் அவன். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வழித்தடங்களைக் கண்டபடி கலைத்துப்போடும் நான்கு வரிகளை அதில் மாட்டிவிட்டான்.

மறுநாள் கல்லூரி முதல்வர் முன்னால் அதை ஓட்டிக்காட்டும்போது அவள் மானம் கப்பலேறும் என்று காத்திருந்தான். ஆனால் புது வழியில் கீரிப்பாறை பஸ் வழக்கத்தைவிட நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிடும் என்றது திரை.

"ஒரு மாசமா ஒரே மாதிரி வழியாத்தான் பொறந்துட்டு கெடந்து சார்," என்றாள் ஜின்சி. "இடையில கொஞ்சம் கலைச்சு விடணும்னு எனக்குத் தோணல்ல. டெல்வின் சார்தான் நேத்து நாலு வரி சேத்துத் தந்தாவ."

முதல்வர் டெல்வினுக்குக் கைகொடுத்தார்.

வெளியே வந்ததும், "நான்தான்னு எப்படித் தெரியும்?" என்றான்.

"அந்த நாலு வரிக்கு மேல உங்க பேரு இருந்து சார். பேரெழுதாத புரோகிராமுக்கு மார்க் இல்லன்னு பிள்ளையளுக்கு நீங்கதான சொல்லுவிய."